வீட்டில செய்த ஸ்பிரிங் போர்க்: ஹான்டில் நடுங்குது, பள்ளத்தில "டக்" எண்டு அடிக்குது

கேள்வி (மாங்குளம்)

26 × 2.125 ரயர் போட்ட குறூசர் சைக்கிள். போர்க்கில (முன்சில்லைப் பிடிக்கிற கவை) பின்கால் இரண்டும் அசையாதது, அரை இஞ்சி ஜிஐ பைப். முன்கால் இரண்டும் 16 மிமீ பைப், மேல்தட்டுக்குக் கீழ ஸ்பிரிங்கோட ஏறி இறங்கும். கீழ 6 மிமீ பட்டை இரும்பில ஆடுதகடு: பின்கால் ஓட்டையில இருந்து முன்கால் ஓட்டைக்கு 35 மிமீ, அச்சு ஓட்டைக்கு 100 மிமீ. பின்கால் ஓட்டை ஸ்டியரிங் தண்டின்ர நேர்கோட்டில நிக்குது. ஹெட் சாய்வு (ஸ்டியரிங் தண்டு நிலத்தோட நிக்கிற கோணம்) 68 பாகை.

கிறவல் றோட்டில வேகம் பிடிச்சா ஹான்டில் இடம்வலமா நடுங்குது. பள்ளத்தில இரும்புச் சத்தம். முன் பிறேக் கட்டையும் ரயரில உரசுது. எங்க பிழை அண்ணை?

பதில் (கிளிநொச்சி)

தம்பி, நடுக்கத்துக்கு அந்த 100 மிமீதான் முதல் காரணம். ஸ்டியரிங் தண்டின்ர கோட்டில நூல் பிடிச்சு நிலத்தில ஒரு புள்ளி போடுங்கோ. அச்சின்ர நடுவில இருந்து தூக்குக்குண்டு விட்டு இன்னொரு புள்ளி. நூல் புள்ளி முன்னுக்கு நிக்கவேணும், இடைவெளிதான் ட்ரெயில். குறூசருக்கு 60 முதல் 80 மிமீ நல்லது. உங்கட அளவுக்கு 25 மிமீதான் வரும். அச்சு ஓட்டையை 50 மிமீக்குக் கொண்டுவந்தா ஏறக்குறைய 79 வரும். முன்கால் ஓட்டையை 25இல வையுங்கோ.

வெட்டமுதல் ஒண்டு பாருங்கோ: சில்லு பின்னுக்கு வரும். ரயருக்கும் கீழ்த்தட்டுக்கும் (ஸ்டியரிங் தண்டின்ர அடியில கால்களைப் பிடிக்கிற தட்டு) நடுவில 40 மிமீ இல்லாட்டி, முழுக்க அமுங்கேக்கை முட்டும்.

கேள்வி (மாங்குளம்)

நூல் பிடிச்சன், 24 மிமீ. சில்லைக் கையால ஆட்டினா ஆடுதகட்டிலயும் ஆட்டம் இருக்கு. போல்ட்டை இறுக்கினா தகடு அசையுதில்லை.

பதில் (புதுக்குடியிருப்பு)

6 மிமீ தடிப்பு போல்ட்டைத் தாங்காது, ஓட்டை முட்டை வடிவமாகும். 8 மிமீ பட்டை எடுத்து, இரண்டு தகட்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சு பொட்டு வெல்டிங் பிடிச்சு, ஒரே தடவையில துளையுங்கோ. தனித்தனியாத் துளைச்சா இடமும் வலமும் அரை மிமீ பிசகினாலே சில்லு சாயும். பின்கால் ஓட்டையில 20 மிமீ நீளக் குழாய்த்துண்டு ஒட்டி, அதுக்குள்ள வெண்கலப் புஷ் (தேய்மானத்தைத் தாங்கிற உள்வளையம்) அடியுங்கோ. புஷ்ஷுக்குள்ள போற இரும்பு ஸ்லீவ் (சின்னக் குழாய்) புஷ்ஷை விட 0.2 மிமீ நீளமா இருக்கவேணும். அப்பதான் போல்ட் ஸ்லீவை இறுக்கும், தகடு தன்பாட்டில ஆடும். நைலோன் நட்டு போடுங்கோ. கிறீஸ் அடிக்க நிப்பிளும் வையுங்கோ, கோடைத் தூசி புஷ்ஷை அரைச்சுப்போடும்.

சத்தத்துக்கு, ஸ்பிரிங் கம்பியில நைலோன் ரை (வயர் கட்டுற பட்டி) ஒண்டைக் கட்டி ஓடிப்பாருங்கோ. எவ்வளவு அமுங்குது எண்டு அது தள்ளுப்பட்டு நிக்கும். பள்ளத்தில விழேக்கை சத்தம் வந்தா சுருள் சுருளோட முட்டுது. ஏறி வரேக்கை வந்தா திரும்பி அடிக்குது: மேல்தட்டுக்கும் மேல் நட்டுக்கும் நடுவில சின்ன ஸ்பிரிங் ஒண்டு வேணும்.

பதில் (கிளிநொச்சி)

ஸ்பிரிங் கணக்கும் பழைய நெம்புகோலால (ஆடுதகட்டின்ர அளவால) பிழைச்சிருக்கு. 100க்கு 35 எண்டா முன்பக்கத்து 30 கிலோ பாரம் ஸ்பிரிங்குகளில 86 கிலோவா ஏறும். 50க்கு 25 ஆனா 60 கிலோ, ஒரு ஸ்பிரிங்குக்கு 30. மிமீக்கு 6 கிலோ தாங்கிற ஸ்பிரிங் எடுத்தா, ஆள் ஏறினதும் சில்லு 10 மிமீ மட்டும் அமுங்கும். சோதிக்கிறது லேசு: இரண்டையும் பக்கத்தில நிறுத்தி, பலகை வைச்சு 50 கிலோ சீமெந்துப் பை ஏத்துங்கோ. 4 மிமீ அளவில இறங்கினா சரி. சுருளிடைவெளிகளின்ர கூட்டுத்தொகை 20 மிமீக்குக் குறையக்கூடாது.

முன் பிறேக்கைக் கழட்டுங்கோ. கட்டை நிலையான காலில, ஆள் ஏறினபிறகும் சில்லு இன்னும் 30 மிமீ ஏறும். உரசாமல் இருக்க வழியில்லை. பின் பிறேக்கை நல்லாச் சரிபண்ணினபிறகு ஓடுங்கோ.

ஜிஐ பைப்பில துத்தநாகப் பூச்சு முழுக்க அரைச்சு எடுத்தீங்களா? இல்லாட்டி ஒட்டு பொள்ளலாத்தான் இருக்கும், புகையும் காய்ச்சலைத் தரும். ஸ்டியரிங் தண்டு கீழ்த்தட்டோட சேருற ஒட்டில மயிரளவு வெடிப்புக் கண்டாலும் அந்தப் போர்க்கில ஏறாதேங்கோ. உள்ளுக்குக் குழாய்த்துண்டு செருகி, புதுசா ஒட்டவேணும்.

கேள்வி (மாங்குளம்)

பூச்சு அரைக்கேல்லை. ஒட்டை வெட்டிப்போட்டு முதல்ல இருந்து செய்யிறன்.