பொருள்: மறுமொழி: இலைத்துளைப்பானா, இலைக்குடைவானா?

> ஆங்கில ‘leaf miner’ என்பதற்கு வேளாண் ஏடுகளில் ‘இலைத்துளைப்பான்’ நிலைத்துவிட்டது. மேக்னோலியா இலையைத் தின்னும் அந்துப்பூச்சியான ஃபில்லோக்னிஸ்டிஸ் மேக்னோலியெல்லாவுக்கும் அதையே வைத்தால் என்ன?

எலுமிச்சையில் ஒப்பேற்றலாம், மேக்னோலியாவில் இடிக்கும். வட அமெரிக்காவில் அந்த இலைக்கு இரண்டு பங்காளிகள். ஒன்று, 1878இல் பூச்சியியலாளர் சேம்பர்ஸ் பெயரிட்ட இந்தச் சிற்றந்து. மற்றது ஓடோன்டோபஸ் கால்சியேட்டஸ் என்னும் கூன்வண்டு. வளர்ந்த வண்டு அரிசிமணி வடிவில் இலையைக் கொறித்துத் துளையிடும். அதன் புழு இலைச்சதையைத் தின்று பழுப்புத் திட்டாக்கும். அந்துப்புழுவோ தட்டையானது, காலில்லாதது. தோலடுக்கின் செல்களைக் கீறிச் சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு நகரும். நத்தை ஊர்ந்தாற்போல வெள்ளி நெளிவு, நடுவே மெல்லிய எச்சக்கோடு, ஓட்டை விழாது. ‘துளை’யை வண்டுக்கே விட்டுவிடுவோம்.

பூச்சிக்கு ‘இலைக்குடைவான்’, அது விட்டுச்செல்வதற்குக் ‘குடைதடம்’ என்கிறேன். அதில் நெளிதடம், திட்டுத்தடம் என்று பிரித்தால் களத்திலேயே அந்தா வண்டா என்று சொல்லிவிடலாம். ‘சுரங்கம்’ ஆழத்தைக் காட்டுகிறது. இங்கே ஆழமே இல்லை.

> ‘செண்பக இலைக்குடைவான்’ எனலாமே?

வேண்டாம். நம் செண்பகமும் இப்போது மேக்னோலியா பேரினம்தான். ஆகவே இந்தப் பூச்சி நம்மூர் மரத்தில் இருப்பதாகப் படிப்பவர் எண்ணிவிடுவார்.

---

மறுமொழி:

குடைவானுக்கு உடன்படுகிறேன். ஆனால் தடத்தை மட்டும் வைத்து இனத்தை உறுதிசெய்ய முடியாது. இறக்கை விரிந்தாலும் ஒரு சென்டிமீட்டர் தேறாத அந்து. வெண்ணிறமும் நுனிக்கோடுகளும் இந்தப் பேரினத்தில் பலவற்றுக்குப் பொது. கூட்டுப்புழுவின் நெற்றியில் கூட்டைக் கிழிக்கும் கூர்முனை ஒன்று உண்டு. இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும். அதற்குக் ‘கூடறுமுள்’ பொருந்துமா? ‘நெற்றிக்கொம்பு’ வேலையைச் சொல்லவில்லை.

தடம் முடியும் இடத்தில், பெரும்பாலும் இலை விளிம்பு மடிந்திருக்கும். அந்த இலையைக் காகிதத் துண்டோடு பையில் இடுங்கள். நீர் கோத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அந்து வெளியேறியதும் மடிப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் வெற்றுத்தோலை எறிந்துவிடாதீர்கள், கூடறுமுள் அதில்தான். இறக்கை விறைக்கச் சில மணிநேரம் விட்டு அந்தைக் கொல்லுங்கள். பிறகு வயிற்றைத் தனியே எடுத்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரவு முழுக்க ஊறவைத்தால், இனத்தை உறுதிசெய்ய உதவும் இனப்பெருக்க உறுப்பு துலங்கும். அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் இத்தனை சிறிய உடல் கரைந்து சிதையும்.

அந்தக் கூர்முனையின் பெயர் ‘முள்’ என்று முடிவதா, ‘அலகு’ என்று முடிவதா என்பதை மட்டும் தீர்த்துக்கொள்வோம். எனக்கு முள்ளே சரி. அலகு என்றால் வாயுறுப்பென மயங்குவார்கள்.