எஸ்எஸ்ஹெச் வழியே போனால் > தான் வருகிறது, # வரவில்லை (சிஸ்கோ 2960) – உதவி தேவை

தாராவி_தம்பி | திங்கள் இரவு 11:40

வணக்கம். மும்பை மரோலில் ஒரு கோடவுனில் சிஸ்டம், நெட்வொர்க் ரெண்டையும் நான்தான் பார்க்கிறேன். சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் துபாய் போய்விட்டார். ஒரு நோட்டை மட்டும் விட்டுப் போயிருக்கிறார், அதில் ஸ்விட்சின் ஐபி, ஒரு யூசர் பெயர், ஒரு பாஸ்வேர்டு.

ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்கள் சேரும் பெட்டி) கேட்டலிஸ்ட் 2960, 24 போர்ட், பிஓஇ (அதே கேபிளில் மின்சாரமும் தருவது) உள்ளது. நீல கன்சோல் கேபிளை நேரே ஸ்விட்சில் செருகி, புட்டி சாஃப்ட்வேரில் வேகம் 9600 வைத்து உள்ளே போனால் நேராக # (மேல் அனுமதியைக் காட்டும் குறி) வருகிறது, எல்லா கமாண்டும் ஓடுகிறது. அதே பெயர், அதே பாஸ்வேர்டு, எஸ்எஸ்ஹெச்-இல் (நெட்வொர்க் வழியே தூரத்தில் இருந்து நுழைவது) போனால் > தான். அதாவது பார்க்க மட்டும் அனுமதி. 'கான்ஃப் டி' (அமைப்பை மாற்றப் போகும் கமாண்ட்) அடித்தால் இன்வேலிட் இன்புட். 'எனேபிள்' (மேல் அனுமதிக்கு ஏறும் கமாண்ட்) அடித்தால் பாஸ்வேர்டு கூடக் கேட்காமல் '% எரர் இன் ஆதென்டிகேஷன்' என்று திருப்பி அனுப்புகிறது.

இது ஏன் அவசரம் என்றால், கேட் பக்கத்துக் கேமரா ராத்திரியில் நின்று போகிறது. அந்த போர்ட்டை ஷட் பண்ணி (மூடி) நோ ஷட் கொடுத்தால் (திறந்தால்) உயிர் வந்துவிடும். நைட் சூப்பர்வைசர் ரெண்டு மணிக்கு போன் போடுகிறார். அந்த நேரத்தில் லோக்கலும் இல்லை, மெட்ரோவும் இல்லை, சயானில் இருந்து ஆட்டோ பிடித்து ஓட வேண்டும். "உன் பாஸ்வேர்டையே அவரிடம் கொடுத்துவிடேன்" என்கிறார் முதலாளி. எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஸ்விட்சில்தான் பில்லிங்கும் ஓடுகிறது.

ஷோ ரன்-இல் (ஸ்விட்சில் இப்போது ஓடும் கான்ஃபிக், அதாவது அமைப்புகள்) தொடர்புள்ள வரிகள்:

ஏஏஏ நியூ-மாடல்
ஏஏஏ ஆதென்டிகேஷன் லாகின் டிஃபால்ட் லோக்கல்
யூசர்நேம் அட்மின் பிரிவிலேஜ் 15 பாஸ்வேர்டு 7 [அழித்துவிட்டேன்]
லைன் கான் 0
 பிரிவிலேஜ் லெவல் 15
லைன் விடிஒய் 0 15
 டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்

வாஷி_நெட்வொர்க் | திங்கள் 11:52

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். பாஸ்வேர்டு 7-க்குப் பின்னால் இருக்கும் எண்களை முழுசாகப் போட்டிருக்கிறாய், உடனே எடு. 7 என்பது பூட்டே இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு மறைக்கும் திரை, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் ஒரு நிமிஷத்தில் பழைய பாஸ்வேர்டாகத் திருப்பிவிடலாம். எடுத்துவிட்டுச் சொல்.

தாராவி_தம்பி | திங்கள் 11:55

எடுத்துவிட்டேன் அக்கா. கை நடுங்கிவிட்டது. தெரியாமல் போட்டுவிட்டேன்.

அந்தேரி_கேபிள் | செவ்வாய் 12:10

ஒரே வரி வேலை பாஸ். லைன் விடிஒய் 0 15-க்குள் (எஸ்எஸ்ஹெச் நுழையும் வாசல்) போய் 'பிரிவிலேஜ் லெவல் 15' (முழு அனுமதி) போடுங்கள். எஸ்எஸ்ஹெச்-இலும் # வந்துவிடும். நான் எல்லா சைட்டிலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வாஷி_நெட்வொர்க் | செவ்வாய் 12:31

அது # தரும், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பிக்கு அது வேண்டாம். லைனில் 15 வைத்தால் அந்த வாசலில் நுழையும் எல்லோருக்கும் 15. நாளைக்கு சூப்பர்வைசருக்கு என்று தனி யூசர் போட்டாலும் அவரும் 15-இல்தான் இறங்குவார். எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டு வந்தானோ அதுவே நடக்கும்.

தம்பி, உன் ஸ்விட்சில் நடப்பது இதுதான். ஏஏஏ நியூ-மாடல் போட்டபிறகு, "இவர் யார்" என்பது ஒரு கேள்வி, "இவருக்கு எவ்வளவு அனுமதி" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உன் கான்ஃபிகில் பதில் இருக்கிறது, ஆதென்டிகேஷன் வரி. ரெண்டாவதற்கு வரியே இல்லை. அதனால் யூசர்நேமில் 15 என்று எழுதியிருந்தும் ஸ்விட்ச் அதைப் பார்ப்பதில்லை, லெவல் 1-இல் இறக்கிவிடுகிறது. கன்சோலில் # வருவது உன் யூசருக்காக அல்ல, லைன் கான் 0-இல் 15 எழுதியிருப்பதால்.

எனேபிள் பாஸ்வேர்டே கேட்காமல் திருப்பி அனுப்புகிறது என்றாயே, எனேபிள் சீக்ரெட் (எனேபிளுக்கான பாஸ்வேர்டு) என்று ஒன்று வைக்கவே இல்லை என்று அர்த்தம். முன்னால் இருந்தவர் எப்போதும் கன்சோலிலேயே வேலை செய்திருப்பார், அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

கன்சோலில் உட்கார்ந்து கான்ஃப் டி போய் இந்த ரெண்டையும் போடு:

எனேபிள் சீக்ரெட் (புதிய பாஸ்வேர்டு)
ஏஏஏ ஆதரைசேஷன் எக்ஸெக் டிஃபால்ட் லோக்கல்

கன்சோல் ஜன்னலை மூடாதே. சேவ் பண்ணவும் பண்ணாதே. இன்னொரு ஜன்னலில் எஸ்எஸ்ஹெச் போட்டு # வருகிறதா பார், வந்தபிறகு 'ரைட்' அடித்து சேவ் பண்ணு. இந்த ஆதரைசேஷன் வரி கன்சோலைத் தொடாது, அதற்குத் தனி கமாண்ட் உண்டு. ஆகவே எது தப்பினாலும் கன்சோல் வழி திறந்தே இருக்கும்.

அந்தப் பாஸ்வேர்டு 7-ஐயும் சீக்ரெட்டாக (அப்படித் திருப்ப முடியாத வடிவம்) மாற்று. ஒரே யூசருக்கு ரெண்டும் இருக்க ஸ்விட்ச் விடாது, பழையதை 'நோ யூசர்நேம்' கொடுத்து நீக்கிவிட்டுத்தான் போட முடியும். அதனால் முதலில் உனக்கென்று வேறு பெயரில் லெவல் 15, சீக்ரெட் வைத்து ஒரு யூசர் போட்டு, அதில் நுழைந்து பார்த்துவிட்டு, அப்புறம் பழைய அட்மினை நீக்கு.

தாராவி_தம்பி | செவ்வாய் மாலை 6:15

அக்கா, வந்துவிட்டது! எஸ்எஸ்ஹெச்-இல் நேராக #. 'ஷோ பிரிவிலேஜ்' அடித்தேன், 15 என்றது. அட்மினை நீக்கும்போது அந்தப் பெயரில் உள்ள எல்லாமே போகும், தொடரவா என்று கேட்டது, நீங்கள் சொல்லியிருந்ததால் பயப்படாமல் என்டர் தட்டினேன்.

இனி சூப்பர்வைசர். அவருக்கு ஷட், நோ ஷட் மட்டும் கொடுக்க வழி உண்டா?

நெல்லை_கன்சோல் | செவ்வாய் இரவு 9:05

உண்டு தம்பி. லெவல் 0-இல் இருந்து 15 வரை மொத்தம் 16. 0-இல் எனேபிள், டிசேபிள், எக்ஸிட், ஹெல்ப், லாக்அவுட், இந்த அஞ்சுதான். 1 என்றால் பார்க்கலாம், தொட முடியாது. 15-இல் எல்லாமே. நடுவில் உள்ள 2 முதல் 14 வரை ஆள் குடியேறாத வீடுங்க மாதிரி, 1-இல் உள்ளதுக்கு மேல நாம என்ன சாமான் போடுறோமோ அதுதான் இருக்கும். 5-ஐ எடுத்துக்கோ:

யூசர்நேம் நைட் பிரிவிலேஜ் 5 சீக்ரெட் (பாஸ்வேர்டு)
பிரிவிலேஜ் எக்ஸெக் லெவல் 5 கான்ஃபிகர் டெர்மினல்
பிரிவிலேஜ் கான்ஃபிகர் லெவல் 5 இன்டர்ஃபேஸ்
பிரிவிலேஜ் இன்டர்ஃபேஸ் லெவல் 5 ஷட்டவுன்
பிரிவிலேஜ் இன்டர்ஃபேஸ் லெவல் 5 நோ ஷட்டவுன்

கடைசி வரியை விட்டுடாதே. விட்டா மனுஷன் மூடுவார், திறக்க முடியாம நிப்பார்.

ஒரு குறையும் சொல்லிடுறேன். இந்த போர்ட் மட்டும்தான் என்று லெவலை வைத்துக் கட்ட முடியாது. 5-இல் இருப்பவர் எந்த போர்ட்டையும் மூடலாம், அப்லிங்க்கையும் (ஸ்விட்சை மற்ற நெட்வொர்க்கோட இணைக்கிற போர்ட்) சேர்த்து. ஆனா ரைட்டும் காப்பியும் 15-இலேயே இருக்கு, அவரால் சேவ் பண்ண முடியாது. தப்பா எதையாவது மூடிட்டா, ஸ்விட்சை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா நீ சேவ் பண்ணினது அப்படியே திரும்ப வந்துடும். அதனால நீ மாத்தினதை சேவ் பண்ணாம ஒருநாளும் வீட்டுக்குப் போகாதே.

தாராவி_தம்பி | புதன் காலை 7:20

அண்ணாச்சி, போட்டேன். நைட் யூசரில் நுழைந்தால் அதற்கும் # வருகிறதே! 15 போய்விட்டதோ என்று உடனே வெளியே வந்துவிட்டேன். இன்னொன்று, ஷோ ரன் பார்க்கட்டும் என்று 'பிரிவிலேஜ் எக்ஸெக் லெவல் 5 ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' கொடுத்தேன். இன்டர்ஃபேஸ் பெயர்கள் மட்டும் வரிசையாக வருகிறது, உள்ளே விஎல்ஏஎன் (எந்த போர்ட் எந்த நெட்வொர்க் பிரிவில் என்பது) வரி கூட இல்லை. கான்ஃபிக் அழிந்துவிட்டதா?

நெல்லை_கன்சோல் | புதன் 7:48

ஒண்ணும் அழியலை, மூச்சு விடு. 1-க்கு மேல எந்த லெவலானாலும் # தான் வரும். குறியைப் பார்த்து முடிவு பண்ணாதே, 'ஷோ பிரிவிலேஜ்' 5 என்று சொன்னா சரி.

வாஷி_நெட்வொர்க் | புதன் 8:10

ஷோ ரன் அப்படித்தான் காட்டும். எந்தெந்த வரிகளை மாற்ற அவருக்கு அனுமதி இருக்கிறதோ அவை மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரியும். முழு கான்ஃபிக் 15-இல் அப்படியே இருக்கிறது, போய்ப் பார். அவருக்கு ஷோ ரன் தேவையே இல்லை தம்பி, அந்த வரியை எடுத்துவிடு. போர்ட் நிலை பார்க்க 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' போதும்.

இனி கேமராவுக்கு வா. தினமும் மூடித் திறப்பது மருந்து இல்லை. 'ஷோ பவர் இன்லைன்' பார். பிஓஇ-க்கான 802.3ஏஎஃப் விதியில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, 24 போர்ட்டுக்கும் முழுசாகக் கொடுக்க 370 வாட் வேண்டும். உன் மாடலுக்கு எவ்வளவு, அதில் எவ்வளவு செலவாகிறது என்று மேலேயே காட்டும். ராத்திரி இருட்டில் இன்ஃப்ரா ரெட் விளக்கு எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். 'ஷோ லாகிங்', அந்த போர்ட்டின் 'ஷோ இன்டர்ஃபேஸ்', ரெண்டையும் பார். சிஆர்சி எண் (வழியில் பழுதாகி வந்த டேட்டாவின் கணக்கு) ஏறிக்கொண்டே போனால் கேபிளைச் சந்தேகப்படு. மழைக்காலத்தில் வெளியே போகும் கேபிளின் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாராவி_தம்பி | வெள்ளி இரவு 10:30

ரெண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வாட் கணக்கில் நிறைய மிச்சம் இருக்கிறது. ஆனால் அக்கா சொன்ன சிஆர்சி, காலையில் 212, சாயங்காலம் 1,940. கேபிளைப் பிடித்துக்கொண்டே கேட் வரை நடந்தேன். ஷட்டருக்கு மேலே ஒரு ஜாயின்ட், இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்ததும் உள்ளே இருந்து தண்ணீர் சொட்டியது, செம்பு பச்சையாகிவிட்டிருந்தது. லேமிங்டன் ரோடில் அவுட்டோர் கேட்6 கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஜாயின்ட் இல்லாமல் ஒரே ஓட்டமாக இழுத்துவிடலாம்.

அதுவரை சூப்பர்வைசர் பார்த்துக்கொள்கிறார். நேற்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ரெண்டு தடவை செய்யச் சொன்னேன். அடிக்க வேண்டிய வரிகளை அட்டையில் மராத்தியில் எழுதி ரேக் கதவில் ஒட்டிக்கொண்டார். அப்லிங்க் போர்ட் 24-இல் சிவப்பு டேப் சுற்றிவிட்டேன். நேற்று ராத்திரி ரெண்டே காலுக்குக் கேமரா நின்றிருக்கிறது, அவரே மூடித் திறந்திருக்கிறார். எனக்குக் காலையில்தான் தெரியும்.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். லெவல் 15 பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்து வைத்து அவர் லாக்கரில் கொடுத்திருக்கிறேன். நான் போனாலும் அடுத்து வருகிறவர் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம்.

நெல்லை_கன்சோல் | வெள்ளி 10:41

புது கேபிள் இழுத்தப்புறம் 'கிளியர் கவுன்டர்ஸ்' போட்டு எண்ணை 0 ஆக்கிட்டு ஒரு நாள் விட்டுப் பாரு. சிஆர்சி 0-இலேயே நின்னா இங்க வந்து சொல்லு.