அயர் கூட் ஜெயிச்சுக்கிட்டே இருந்தும் ஹைதரை ஏன் முடிக்க முடியல?

கேள்வி:
எனக்கு வந்தவாசி பக்கம். 1760 ஜனவரில எங்க ஊர்ல பிரெஞ்சு தளபதி லாலிய தோற்கடிச்ச அதே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்தான் 20 வருஷம் கழிச்சு மைசூர் ஹைதர் அலியோட மோத வந்தாருன்னு இப்பதான் படிச்சேன். 1781ல பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், சோளிங்கர் மூணுலயும் கூட்டுக்குத்தான் வெற்றின்னு போட்டிருக்கு, அப்புறம் ஏன் போர் 1784 வரைக்கும் இழுத்துச்சு?

பதில் 1:
மாடு இல்ல தம்பி, அதான் விஷயம். பீரங்கிய இழுக்கவும் அரிசி மூட்டைய சுமக்கவும் மாடுதான் வேணும், ஹைதர் 1780ல ஆற்காட்டு சீமைக்குள்ள இறங்கினப்பவே ஊர் ஊரா கொளுத்திட்டாரு, அதனால கூட் சண்டையில ஜெயிச்சாலும் துரத்திக்கிட்டு போக சோறு கிடையாது, திரும்ப கடலோரத்துக்கு வந்து கப்பல்ல வர்ற அரிசிக்குக் காத்துக் கிடக்கணும். ஹைதர்கிட்ட குதிரைப்படை ஜாஸ்தி, தோத்தாலும் நழுவிடுவாரு. இதுல ரெண்டு பக்கமும் சேர்ந்து பட்டினி போட்டது நம்ம குடியானவங்களத்தான், அத நினைச்சாதான் வயிறு எரியுது.

பதில் 2:
மேல அண்ணன் சொன்னதுக்கு சிதம்பரமே சாட்சி. பரங்கிப்பேட்டை சண்டைக்கு முன்னாடி, 1781 ஜூன்ல, கோயில்ல ஹைதர் ஆளுங்க இருந்தாங்க, உள்ள தானியமும் இருந்துச்சு, கூட் அத புடிக்கப் பாத்து அடி வாங்கித் திரும்பினாரு. அப்புறம் ஜூலை 1ல பரங்கிப்பேட்டைல ஜெயிச்சாரு. பொள்ளிலூர மட்டும் முழு வெற்றின்னு நான் ஒத்துக்க மாட்டேன், ஹைதர் படைக்குப் பெருசா ஒண்ணும் ஆகல.

பதில் 3:
அவரோட ஆரம்பத்தையும் பாருங்க. 1757ல வங்காளத்துல பிளாசி சண்டைக்கு முன்னாடி நடந்த ஆலோசனையில தளபதி கிளைவே பொறுத்துப் போகலாம்னு சொன்னப்ப உடனே அடிக்கணும்னு நின்னவரு கூட். 1761ல பாண்டிச்சேரி முற்றுகைய முடிச்சதும் அவர்தான். ஆனா 1780 கடைசியில வங்காளத்துல இருந்து மெட்ராசுக்கு வந்தப்ப வயசு 54, உடம்பும் கெட்டுப்போச்சு, போதாததுக்கு கவர்னர் மெக்கார்ட்னியோட தகராறு வேற.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணே. எங்க கோட்டைய அந்தப் போர்ல ஃபிளின்ட்னு ஒரு லெப்டினன்ட் சின்னப் படைய வச்சுக்கிட்டு மாசக்கணக்கா ஹைதர்கிட்ட விடாம காத்தாரு, 1781 ஜனவரில கூட் வந்துதான் முற்றுகைய விலக்கினாரு. கூட் கடைசியில எங்க செத்தாரு?

பதில் 3:
மெட்ராஸ்லதான், 1783 ஏப்ரல்ல. வங்காளத்துல இருந்து திரும்பி வரும்போது பிரெஞ்சுக் கப்பலுங்க துரத்தி, கரை சேர்ந்த சில நாள்ல போயிட்டாரு. உடம்ப இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஹாம்ப்ஷயர்ல புதைச்சாங்க. ஹைதர் அதுக்கு முந்தின டிசம்பர்லயே இறந்துட்டாரு.