செயற்கைப் புல் போடச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

கோல்கம்பம்:

வணக்கம் நண்பர்களே. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பத்து வயதுப் பொடிசுகளிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே மைதானத்தில்தான் ஆடுகிறார்கள். மண் தரை. மழை பெய்தால் கோல் வாசலில் தண்ணீர் தேங்கும், வெயிலில் கட்டாந்தரையாக இறுகிப்போகும். புல்லும் வளர்த்துப் பார்த்தோம். காலையும் மாலையும் ஓயாமல் மிதிபட்டால் அது எங்கே பிழைக்கும்?

இப்போது நிர்வாகம் செயற்கைப் புல் போடலாம் என்கிறது. போட வருபவர் ஒரு சாம்பிள் துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். 60 மில்லிமீட்டர் உயர நார், நாருக்கு இடையே நிரப்பிய கறுப்பு ரப்பர் துகள். தடவிப் பார்த்த எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "ஒரு தடவை போட்டால் போதும், பராமரிப்பே கிடையாது, கால்பந்து ஹாக்கி ரெண்டும் ஆடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெயிலில் சுடுமா? முழங்கால் தாங்குமா? அந்த ரப்பர் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா? எத்தனை வருடம் வரும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூட்டத்தில் என்ன கேட்பது என்றாவது எனக்குப் பிடிபட வேண்டும்.

வலது விங்:

சார், ஹாக்கியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 60 மி.மீ. நாரில் ஹாக்கி ஆட முடியாது. பந்து நாருக்குள் அமுங்கி நின்றுவிடும். அடித்தால் தத்தித் தத்திப் போகும், ஸ்டிக்கை வீசினால் துகள் முகத்தில் தெறிக்கும். ஹாக்கிக்குக் குட்டையான, நெருக்கமான நார் வேண்டும். பெரிய போட்டிகளில் உள்ளே எதுவும் நிரப்பாமல் தண்ணீர் தெளித்து ஆடுவார்கள். அதற்குக் கீழ் நிலையில் மணல் நிரப்பிய தரை.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலில் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். அதோடு ஆட்டமே வேறாகிவிட்டது. பந்தை ஸ்டிக்கோடு ஒட்டவைத்து நெளிந்து நெளிந்து போனவர்களைவிட, வேகமாக ஓடி நீளமாகப் பாஸ் கொடுப்பவர்கள் மேலே வந்தார்கள். தரை மாறினால் ஆட்டக்காரனும் மாற வேண்டியிருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குட்டி வயதில் எந்தத் தரையில் பழகுகிறார்களோ அந்தக் கைதான் கடைசிவரை வரும்.

தண்ணீர்த் தரை பள்ளிக்குக் கட்டுப்படியாகாது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆயிரக்கணக்கான லிட்டர் குடிக்கும். பாரிஸ் 2024இல் போட்டதுக்கு முன்பைவிடக் குறைவான தண்ணீரே போதுமானதாக இருந்தது, நாரிலும் பெரும்பகுதி கரும்பிலிருந்து எடுத்த பிளாஸ்டிக். ஆனால் அதெல்லாம் பள்ளி வரைக்கும் இறங்கிவர நாளாகும். இரண்டு விளையாட்டும் வேண்டுமென்றால் மணல் நிரப்பிய குட்டை நார் போட்டு, கால்பந்தைப் பயிற்சி அளவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் சறுக்கி விழுந்தால் தோல் உரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரஷ்காரர்:

சார், செயற்கைப் புல் மைதானங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. துகளைச் சமமாகப் பரப்ப பிரஷ் இழுப்பது, துகள் நிரப்புவது, புல் சுருள்கள் சேரும் இடத்தில் விட்டுப்போன ஜாயின்ட்டை ஒட்டுவது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த சாம்பிள் துண்டை ஓரமாக வையுங்கள். மேசைமேல் எல்லா நாரும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மைதானம் நன்றாக உழைக்குமா என்பது நாருக்கு அடியில் என்ன இருக்கிறது, போட்ட பிறகு அதை யார் கவனிக்கிறார்கள் என்ற இரண்டில்தான் இருக்கிறது. இரண்டையும் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினாரா?

அடித்தளம் என்றால் இறுக்கிய மண், அதன்மேல் மண்ணும் ஜல்லியும் கலக்காமல் பிரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, ஜல்லி அடுக்கு, அதற்கு மேல் பொடி ஜல்லி, லேசான சரிவு, சுற்றிலும் வடிகால். இது சரியாக அமைந்துவிட்டால் மேலே நாரை இரண்டு மூன்று தடவை மாற்றும் வரைக்கும் நிற்கும். சரியில்லையென்றால் கொஞ்ச நாளிலேயே அங்கங்கே அமுங்கும். நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், வடிகால் அடைத்த மைதானத்தில் ரப்பர் துகளெல்லாம் மிதந்து ஓரத்தில் வளைவு வளைவாகக் கறுப்புக் கோடு போட்டிருக்கும். அதை அள்ளி மறுபடி நாருக்குள் இறக்குவது பெரும்பாடு. "இருக்கிற மண்ணைச் சமப்படுத்தி மேலேயே விரித்துவிடலாம்" என்று அவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஷாக் பேட். நாருக்கும் ஜல்லிக்கும் நடுவே போடும் மெத்தை. 60 மி.மீ. நாரைத் தூக்கிக் காட்டுபவர்கள் பெரும்பாலும் இதைப் போட மாட்டார்கள், அதிர்ச்சி தாங்கும் வேலையை மொத்தமாக ரப்பர் துகள் தலையில் கட்டிவிடுவார்கள். துகள் இடம் மாறும், இறுகும், வெளியே போகும். பேட் அப்படியே கிடக்கும். பேட் போட்டு 40, 45 மி.மீ. நார் வைத்தால் பிள்ளைகள் விழுந்தெழும் தரை வருடக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் உங்கள் பள்ளிக்கு அதுதான்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். ஃபிஃபா சோதனையில் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். கான்கிரீட்டில் 1.35 மீட்டர் அளவுக்கு எழும்பும்படி காற்றடித்த பந்து. 'குவாலிட்டி' தரச் சான்றுக்கு அது புல்லில் 60 செ.மீ.யிலிருந்து 1 மீட்டருக்குள் எழும்ப வேண்டும். அதற்கு மேல்தரமான 'குவாலிட்டி ப்ரோ' என்றால் 85 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அவர் ஏற்கெனவே போட்டு நாலைந்து வருடமான ஒரு மைதானத்தைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் டேப் ஒட்டி, கோல் வாசலில் ஒரு தடவை, யாரும் அதிகம் ஓடாத மூலையில் ஒரு தடவை பந்தை விடுங்கள். இரண்டு இடத்திலும் பந்து எழும்பும் உயரம் ரொம்ப வித்தியாசப்பட்டால் அங்கே பிரஷ் போகவே இல்லை என்று அர்த்தம்.

அப்படியே பெனால்டி புள்ளியில் முட்டி போட்டு நாரை விரலால் விலக்கிப் பாருங்கள். துகளுக்கு மேலே நார் ஒன்றரை, இரண்டு செ.மீ.தான் தெரிய வேண்டும். அந்த இடத்தில் அனேகமாக விரல் நேரே அடித்துணியைத் தொடும். நார் எல்லாம் ஒரே பக்கம் படுத்து, நுனி கீறி, பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் பச்சைப் பசேலென்று ஒரு குறையும் தெரியாது. பிள்ளை கணுக்காலைத் திருப்பிக்கொள்வது இந்த மாதிரி இடத்தில்தான், எனக்கு வயிற்றெரிச்சலும் இதில்தான்.

சூடு பற்றிக் கேட்டீர்கள். சுடும். உயிருள்ள புல் வேர்வழியே நீர் எடுத்து ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, பிளாஸ்டிக்குக்கு அது இல்லை. உச்சி வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். தண்ணீர் அடித்தால் சட்டென்று குறையும், ஆனால் அரை மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும். வெளிர் நிறத் துகள், 'கூல்' நார் எல்லாம் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நேரத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகள் முகம் தரைக்கு அருகில் இருக்கிறது, அனல் அவர்களுக்குத்தான் முதலில் படும்.

அப்புறம் ரப்பர். கறுப்புத் துகள் பழைய டயரை அரைத்தது. அதில் பிஏஎச் எனப்படும், புற்றுநோய் அபாயமுள்ள ரசாயனங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ரசாயன முகமை 2017இல் ஆராய்ந்து, உடலுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றது. பிறகு அங்கே 2022 ஆகஸ்டிலிருந்து குறிப்பிட்ட எட்டு பிஏஎச்களும் சேர்ந்து கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதனால் துகளுக்குச் சோதனை அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, துகள் பூட்ஸிலும் சாக்ஸிலும் மழைநீரிலும் ஏறி வெளியே போய்க்கொண்டே இருப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மைக்ரோபிளாஸ்டிக் விதி கொண்டுவந்து, 2031 அக்டோபருக்குப் பிறகு பிளாஸ்டிக், ரப்பர் துகள்களை விளையாட்டுத் தரைக்கு விற்கவே கூடாது என்று வைத்திருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நார் எட்டு முதல் பத்து வருடம் வரும். இன்று டயர்த் துகள் போட்டால், அந்த நார் தேய்வதற்குள் உலகம் அதை விட்டு நகர்ந்திருக்கும்.

மாற்று என்றால் கார்க், அதாவது ஒரு மரப்பட்டையின் துகள், இருக்கிறது. ரப்பரைவிடச் சூடு குறைவு, ஆனால் இலேசானது, பெருமழையில் மிதக்கும், மிதிபட்டுப் பொடியாகும், அடிக்கடி நிரப்ப வேண்டும். கீழே மணல், மேலே கார்க், அடியில் பேட், வடிகால் நன்றாக இருந்தால் இதைத்தான் நான் சொல்வேன்.

"பராமரிப்பே கிடையாது" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். வேறு காரணமே வேண்டாம்.

கட்டுக்கால்:

காயங்களைப் பார்க்கும் பிசியோ நான். செயற்கைப் புல்லில் முழங்கால் காயம் கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, விளையாட்டுக்கு விளையாட்டு முடிவு மாறுகிறது. ஆனால் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பூட்ஸ். புல்தரைக்கான நீள ஸ்டட், அதாவது பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ், செயற்கைப் புல்லில் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, பாரம் முழுக்க முட்டியில் இறங்கும். இதற்கென்றே ஏஜி (ஆர்டிஃபிஷியல் கிரவுண்ட்) என்று குட்டையாக, எண்ணிக்கையில் கூடுதலாக ஸ்டட் வைத்த பூட்ஸ் வருகிறது. சின்னவர்களுக்குச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த டர்ஃப் ஷூவே போதும். உலோக ஸ்டட்டை வாசலிலேயே நிறுத்துங்கள்.

தோல் உரிவதையும் லேசாக எடுக்க வேண்டாம். 2015 பெண்கள் உலகக் கோப்பை கனடாவில் ஆறு மைதானங்களிலும் செயற்கைப் புல்லில்தான் நடந்தது. அதை எதிர்த்து முன்னணி வீராங்கனைகள் 2014இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள், பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். காலெல்லாம் உரிந்து ரத்தம் கசியும் படங்களை அப்போது ஆட்டக்காரர்களே வெளியிட்டார்கள். உரிந்த இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே துகள் இல்லாமல் எடுத்துவிட வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய் கேளுங்கள் சார், இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

கோல்கம்பம்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஹாக்கி மாஸ்டரிடம் பேசினேன், அவருக்குத் தனியாகச் சின்னதாக மணல் நிரப்பிய தரை கேட்கலாம் என்று இருவருமே முடிவு செய்திருக்கிறோம். குழாயும் எழுதிவிட்டேன்.

பிரஷ்காரர் அண்ணா, ஒன்று மட்டும். எங்களிடம் மைதானத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு ஆள். அவரால் முடியுமா? ஒப்பந்தத்தில் வேறு என்ன சேர்க்கச் சொல்வது?

பிரஷ்காரர்:

தாராளமாக முடியும், கருவி கொடுத்தால். ஒரு சின்ன டிராக்டர் அல்லது இழுவை வண்டி, பின்னால் கட்டி இழுக்கும் பிரஷ். இவ்வளவு பேர் ஆடும் மைதானத்துக்கு வாரம் ஒரு தடவையாவது இழுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் திசையை மாற்றி. கோல் வாசல், பெனால்டி புள்ளி, கார்னர் மூன்றிலும் தினமும் பயிற்சி முடிந்ததும் கை பிரஷ்ஷால் துகளைத் தள்ளிவிட்டால் போதும், அதைப் பிள்ளைகளையே செய்ய வைக்கலாம். இலை தழையை மக்க விடாமல் ஊதி எடுக்க வேண்டும், மக்கினால் வடிகால் அடைக்கும், களை முளைக்கும். வருடத்துக்கு ஒரு தடவை இறுகிய நிரப்பைக் கிளறிவிட வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வெளியேறும் வாசலில் பூட்ஸ் தேய்க்கும் பிரஷ் பொருத்தச் சொல்லுங்கள், போகும் துகளில் ஒரு பகுதியை அங்கேயே பிடித்துவிடலாம்.

இன்னும் மூன்று. ஜாயின்ட் பிரிந்தால் எத்தனை நாளுக்குள் வந்து ஒட்டித் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து இந்த நாரையும் மணலையும் யார் சுருட்டி எங்கே கொண்டுபோவார்கள் என்பதும் இருக்க வேண்டும், ஏனென்றால் அது டன் கணக்கில் வரும், யாரும் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது, வேலை முடிந்து போகும்போது ஒரே தடவையில் தயாரான அதே பேட்ச் நாரில் மீந்த ஒரு சுருளையும் நிரப்பு மூட்டைகளையும் உங்களிடம் விட்டுப் போகச் சொல்லுங்கள். பின்னால் வேறு பேட்சில் வாங்கினால் பச்சை ஒத்துப்போகாது, நார் உயரமும் வித்தியாசப்படும். சுருளை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தாமல் படுக்கப் போட்டு வையுங்கள்.