புதுக் கார், கொழும்பு வெயில்: பெயின்டில் உங்களுக்கு நடந்தது என்ன?

வெள்ளவத்தைப் பையன்

பூசை போட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. ஐந்து வருஷம் வாகன இறக்குமதி பூட்டிக் கிடந்து 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு, லீசிங்கும் சீட்டுக் காசும் சேர்த்து எடுத்த வெள்ளைக் கார். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலடியில் பூசை. ஐயர் பொனட்டில் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமத்தை அழுத்தினார். நான்கு சில்லிலும் தேசிக்காய் நசுங்கியது, தேங்காய் சரி பாதியாக உடைந்தது, எல்லாம் சுபம். "மூன்று நாளைக்குப் பொட்டில் கை வைக்காதே" என்றார் அம்மா.

எங்கள் பிளட்ஸில் எனக்குக் கிடைத்த பார்க்கிங் கூரையில்லாத மூலை. பத்தரைக்கு விழும் வெயில் நாலரை வரை போகாது. அதுவும் ஏப்ரல் முதல் வாரம், நம் நிழல் நம் காலடிக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும் நாட்கள். நான்காம் நாள் ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமப் பொடியும் போனது. ஐந்து ரூபாக் குற்றி அளவில் ஓர் இளஞ்சிவப்பு வட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

நான் சத்தம் போட்டுவிட்டேன். அம்மா கீழே இறங்கி வந்தார். ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பை விரலில் சுற்றித் தேய்க்கத் தொடங்கினார். காய்ந்த பொனட், அதன்மேல் காலி வீதிப் புழுதி. "வேண்டாம் அம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் இருபது சுற்று ஆகிவிட்டது. வெள்ளையில் கீறல் தெரியாது என்பார்கள். இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது, கறையைச் சுற்றிச் சிலந்தி வலை போல.

கீறலைக்கூட மறந்துவிடலாம். தேய்த்து முடித்து, சிவப்பு வந்திருக்கிறதா என்று அந்தத் தலைப்பை விரித்து விரித்துப் பார்த்தாரே, அதுதான் போகமாட்டேன் என்கிறது. ஒரு பொட்டும் வந்திருக்கவில்லை.

கொச்சிக்கடைக் காற்று

உங்களுக்குத் துணியில் வரவில்லை, எங்கள் வீட்டில் துணியில் வந்ததுதான் தொல்லை. அப்பாவின் பழைய சிவப்புக் கார், மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத காப்புப் பூச்சு இல்லாத அந்தக் காலத்துப் பெயின்ட். துடைக்கிற துணியெல்லாம் பீட்ரூட் அரிந்தது மாதிரி ஆகும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் டின்னில் இருக்கும் வேக்ஸை எடுத்துப் பூசுவார். ஆள் கட்டை, கூரையின் நடுப்பகுதிக்குக் கை எட்டாது. அந்த நடு மட்டும்தான் முதலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தது. சுற்றிவரச் சிவப்பு, நடுவில் ரோஸ்.

அவர் காலமான பிறகு வண்டியை விற்றோம். வாங்க வந்தவர் டிக்கியில் இருந்த அந்தோனியார் ஸ்டிக்கரை எடுத்துத் தரச் சொன்னார். தங்கையின் ஹெயார் ட்ரையரால் சூடு காட்டி மெதுவாக உரித்தேன். கீழே அசல் நிறம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு இருந்த சிவப்பு, அந்தோனியாரின் உருவத்திலேயே, கையில் குழந்தையோடு. வாங்க வந்தவர் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார். பிறகு விலை குறைக்கவும் இல்லை.

கல்கிசை மைக்ரோன்

வெள்ளவத்தைத் தம்பி, அது குங்குமத்தின் குற்றம் இல்லை, கடைக் குங்குமத்தின் குற்றம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்த அசலாக இருந்தால் அந்த வெயிலே கறையைத் தின்றிருக்கும். சட்டையில் மஞ்சள் பட்டால் வெயிலில் காயப்போடச் சொல்வார்களே, அதே கதை. உங்களுடையதில் சாயம் கலந்திருக்கும். சூடேறிய கிளியர் கோட்டுக்குள் சாயம் இறங்கிவிட்டது.

என் அனுபவம் சின்னது. முதல் காரை வெயிலில் நிறுத்தி, வெயிலில் கழுவி, வெயிலிலேயே காயவிட்டு நாசமாக்கினேன். கிணற்றுத் தண்ணீர்த் துளி காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வளையம். அதிலிருந்து படித்ததைச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும்.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்தக் காலத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் புற ஊதாச் சுட்டி 11ஐத் தாண்டுவது சாதாரணம். மெல்லிய முகில் அதைப் பெரிதாக மறிக்காது, ஆகவே மப்பான நாள்தானே என்று விட்டுவிடக் கூடாது. கதவைவிடக் கூரையும் பொனட்டும் முதலில் போவது இதனால்தான்: அவை படுத்துக்கொண்டு வெயிலை வாங்குகின்றன.

இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீட்டர்). தலைமுடியைவிட மெல்லியது. புற ஊதாவை விழுங்கும் பொருட்கள் அதற்குள்தான் கலந்திருக்கின்றன, வருஷக்கணக்கில் வெயில் பட அவை தீர்ந்துகொண்டே போகும். ஆகவே "பளபளப்பு வரட்டும்" என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பூச்சைத் தேய்த்தெடுத்து மினுக்கும் கட் அன்ட் பொலிஷ் அடிப்பவர், தன் குடையைத் தானே அரத்தால் ராவுகிறார். கட் அடித்தால் சில மைக்ரோன் போனதுதான், திரும்ப வராது.

வேக்ஸ் நம் சூட்டில் சில வாரம் நிற்கும், செயற்கைப் பூச்சான சீலன்ட் சில மாதம். கழுவுவது காலையிலோ பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகோ, இரண்டு வாளியில்: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணி அலசத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் பூசிய வேக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும். காகம் எச்சமிட்டால் தேய்க்காதீர்கள். ஈர டிஷ்யூவைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவிட்டுத் தூக்குங்கள். இதற்கெல்லாம் முன்னால் நிழல். நிழல் இல்லாவிட்டால் கவர் போடுங்கள், முடிந்தது.

தெஹிவளைக் கரை

"கவர் போடுங்கள், முடிந்தது." எனக்கு உண்மையிலேயே முடிந்தது ஐயா.

எங்கள் ஒழுங்கை கடல் பக்கம் திறந்தது. மே மாதம் தென்மேற்குக் காற்று கிளம்பினால் மாடியில் உலர்த்திய சாறம் பக்கத்து வீட்டுத் தென்னையில் தொங்கும். அந்தக் காற்றில் கவருக்கு அடியில் உப்பும் மணலும் புகுந்து, இரவு முழுக்கப் படபடவென்று அடித்தது. நான் படுக்கையில் கிடந்து, "பரவாயில்லை, கார் பத்திரமாக இருக்கிறது" என்று அந்தச் சத்தத்தைத் தாலாட்டு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று கிழமை. திறந்து பார்த்தால் பொனட் விளிம்பு, கதவுக் கைபிடி, பக்கக் கண்ணாடியின் முதுகு எல்லாம் பளபளப்புச் செத்து, பாவித்த சவர்க்காரக் கட்டி மாதிரி. விரலால் தடவினால் கிளியர் கோட் இருப்பதாகவே தெரியவில்லை. மூன்று கிழமை வெயில் அதைச் செய்திருக்காது. கவர் செய்தது.

காற்றில்லாத, மூடிய கராஜ் உள்ளவர்கள் கவர் போடட்டும். ஆனால் அவர்களுக்குக் கவர் எதற்கு?

தெமட்டகொடை நானா

நான் செரமிக் கோட்டிங் அடித்தவன், பெயின்டின் மேல் பூசினால் கண்ணாடி மாதிரி இறுகும் அந்தத் திரவப் பூச்சு. கடை பெயர் வேண்டாம். கார் எடுத்த கிழமையே வாப்பா சொன்னார், "ரோட்டில் நிற்கப்போகிற வண்டிக்கு ஏன் இவ்வளவு?" கேட்கவில்லை. கடைப் பையன் பொனட்டில் தண்ணீர் தெளித்தான், முத்து முத்தாக உருண்டது. "நானா, ஒன்பது எச், கல்லால் கீறினாலும் கீறாது, அஞ்சு வருஷத்துக்கு வெயில் தொடாது." முழு லட்சத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

ஒன்பது எச் என்பது பென்சில் கீறிப் பார்க்கும் சோதனையில் வரும் அளவு, கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பூச்சும் ஒன்றிரண்டு மைக்ரோன்தானாம். அவ்வளவு மெல்லியதுக்குள் எவ்வளவு வெயிலை மறிக்கிற சரக்கை அடைக்க முடியும்?

என் கதை வௌவால். பள்ளிக்குப் பக்கத்தில் கொட்டாங்காய் மரம், அதன் கீழே நல்ல நிழல். கல்கிசை ஐயா சொல்கிற அதே நிழல். இரவில் வௌவால் தின்று துப்பி எச்சமும் இட்டது. காலையில் அவசரம், விட்டுவிட்டு ஓடினேன். பகல் முழுக்க பார்க்கிங்கில் வெயில். பின்னேரம் கழுவினால் எச்சம் போய்விட்டது, அதன் வடிவம் போகவில்லை. பெயின்ட் சூட்டில் இளகி, காய்ந்த எச்சத்தைச் சுற்றி அச்சு எடுத்தது மாதிரி இறுகிவிட்டது. கடைக்குக் கொண்டு போனேன். அதே பையன், அதே சிரிப்பு: "நானா, வாரன்டியில் பறவை இல்லை." வௌவால் பறவையா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கழுவுவது உண்மையில் லேசாகிவிட்டது. புழுதி ஒட்டாது. அதற்கு மட்டும் என்றால் ஒரு லட்சம் அதிகம்.

கல்கிசை மைக்ரோன்

மரத்து நிழல் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள். கவர் விஷயத்தில் தெஹிவளைக்காரர் சொல்வது சரி, கரையோரத்துக்கு அது ஆகாது. ஆனால் செரமிக்கே வீண் என்பது அளவுக்கு மிஞ்சியது. எதிர்பார்த்தது பிழை, சாமான் பிழையில்லை. வெயிலைத் தடுக்க வேண்டும் என்றால் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம் இருக்கிறது, 150, 200 மைக்ரோன் தடிப்பான பொலியூரிதேன். வண்டி முழுவதற்கும் ஒட்டினால் பல லட்சம் வரும். பொனட்டுக்கும் கூரைக்கும் மட்டும் ஒட்டிக்கொள்வது புத்தி.

கொள்ளுப்பிட்டி மிஸ்

எனக்கு வெயில் நிறத்தைத் தின்றதே தெரியாது. தினமும் பார்ப்பதுதானே. அலுவலகத்தில் எனக்குத் தந்த இடம் மேற்குப் பார்த்த சுவரோரம், ஏழு வருஷம் அதே இடம், அதே திசை. ஒரு த்ரீவீலர் இடது முன்கதவில் உரசிவிட்டுப் போனான். கதவைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்து வாங்கப் போனேன். பார்த்தால் கதவு ஒரு நீலம், கார் வேறொரு நீலம். நிறத்தைப் பிழையாகக் கலந்துவிட்டீர்கள் என்று பெயின்ட் அடித்த பாஸிடம் சண்டைக்குப் போனேன்.

அவர் பதில் பேசவில்லை. டிக்கியைத் திறந்து, ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கி, வெயிலே படாத உள் விளிம்பைக் காட்டினார். அந்த நீலமும் புதுக் கதவின் நீலமும் அச்சொட்டாக ஒன்று. "மிஸ், மே தமய் ஒயாகே கார் எக" என்றார். இதுதான் உங்கள் கார் என்று. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். கதவு மட்டும் இன்றைக்கும் புதுசாக இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்.

வெள்ளவத்தைப் பையன்

எல்லாருக்கும் நன்றி. கல்கிசை ஐயா எழுதியதைப் பார்த்துப் பயந்துபோய், கட் அடிக்காமல் முதலில் அளந்து பார்ப்பவர் ஒருவரைத் தேடிப் போனேன். சின்ன மீட்டரை வைத்தார், பொனட்டில் 112 மைக்ரோன், அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து. கையாலேயே மெல்லிய பொலிஷ் போட்டார். அம்மாவின் வட்டங்கள் முக்கால்வாசி மறைந்தன. இளஞ்சிவப்பு இன்னும் லேசாக இருக்கிறது, தெரிந்தவனுக்குத்தான் தெரியும். மிச்சத்தையும் எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பார்க்கிங்குக்கு மூன்றாம் மாடிக்காரரோடு ஓர் ஒப்பந்தம்: அவர் வண்டி இரவில்தான் வரும், பகலில் அவருடைய கூரையுள்ள இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன், மாதத்துக்கு இரண்டு முறை அவர் வண்டியையும் சேர்த்துக் கழுவிவிடுவது என் வேலை. இரண்டு வாளி வாங்கியாயிற்று.

போன வெள்ளிக்கிழமை அம்மா கோயிலால் வந்தார். கையில் விபூதிப் பொட்டலம், குங்குமம். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பொனட்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்து, "கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாதுதானே?" என்று கேட்டார்.