புதுப்பிப்பு: தனியாள் சமையல்

ஒரு முறை சாம்பார் வைத்தால் மூன்று நாள் அதையே சாப்பிட வேண்டியிருக்கிறது, என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். குழம்பை விட்டுவிட்டு ஒரே பாத்திரச் சமையலுக்கு மாறச் சொன்னீர்கள். மாறிவிட்டேன்.

சின்னக் குக்கரில் அரை மணி நேரம் ஊறிய கால் கப் தினை, அதில் பாதி பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், ஒன்றேகால் கப் தண்ணீர். மூன்று விசில். ஆவி அடங்கியதும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறி, மூடி போடாமல் கொஞ்ச நேரம் மட்டும் வேகவிட்டால் கீரையின் பச்சை அவ்வளவாக மாறுவதில்லை. நெய் கொஞ்சம் தாராளமாகவே விடுகிறேன். அதில் எனக்குச் சமரசம் கிடையாது.

சாம்பாரை உறைய வைக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும். உருகியபின் உருளைக்கிழங்கு சொதசொதவென்று ஆகிவிடுகிறது.

வரகுக்கும் இதே அளவுத் தண்ணீர் போதுமா?