இரட்சிப்பின் சந்தோஷம் திரும்பி வந்த நாள்: உங்கள் அனுபவம் என்ன?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையில் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

இயேசு என் பாவங்களை மன்னித்தார் என்று விசுவாசித்து நான் இரட்சிக்கப்பட்டபோது எனக்கு 19 வயது. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. யாரையாவது எழுப்பிச் சொல்லலாமா என்றிருந்தது. இருபது வருடம் கழித்து ஒருநாள் யோசித்துப் பார்த்தால், ஆராதனை உண்டு, ஜெபம் உண்டு, ஊழியம் உண்டு, அந்தச் சந்தோஷத்தை மட்டும் காணோம். எப்போது போனது என்றும் தெரியவில்லை. ஏதாவது பாவத்தில் விழுந்து தொலைத்தேன் என்றால் காரணமாவது கையில் இருக்கும். அப்படியும் இல்லை. ஒழுங்காகத்தான் இருந்தேன். அந்த ஒழுங்கில்தான் கோளாறு.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு கட்டம்: அதிகாலை ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், ஊழியம். செய்தால் டிக். தவறினால் சிவப்பு மையில் பெருக்கல் குறி. டிக் நிறைந்த வாரத்தில், அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு நிமிர்ந்து போவேன். சிவப்பு அதிகமான வாரத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, அப்பத்தட்டு வருவதற்குள் எழுந்து வெளியே போய்விடுவேன். யாராவது கேட்டால் போன் வந்தது என்பேன். ஆண்டவருடைய பந்திக்கு நானே வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன், அதுவும் எனக்கே.

ஒருமுறை மகளுக்குக் கடுமையான காய்ச்சல். ராத்திரி முழுக்க ஈரத்துணியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். விடிகிற நேரத்தில் சூடு தணிந்து அவள் தூங்கிவிட்டாள். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, அதிகாலை ஜெபம் போச்சே! நோட்டை எடுத்துச் சிவப்பில் பெருக்கல் போட்டேன். வாசிப்பையாவது விடக்கூடாது என்று வேதத்தைத் திறந்தேன். அன்றைய பகுதி 51ஆம் சங்கீதம். பேனா மூடி இன்னும் வாயில்தான் இருந்தது.

“உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து” என்ற வசனம் ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம். ஆனால் அன்றைக்கு ‘உமது’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. என் இரட்சிப்பு என்று தாவீது ராஜா சொல்லவில்லை. அடுத்தவன் மனைவி பத்சேபாளோடு அவர் செய்த பாவத்தை நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே சொன்ன பிறகு பிறந்த சங்கீதம் அது. எடுத்துக் காட்ட அவரிடம் ஒரு டிக்கும் இல்லை. பலி செலுத்திச் சரிக்கட்டலாம் என்றால், அதையும் நீர் விரும்புகிறதில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். மன்னிப்புக் கேட்க வந்தவர் மன்னிப்போடு நிறுத்திக்கொள்ளலாம் அல்லவா? சந்தோஷத்தையும் சேர்த்துக் கேட்கிறார்! அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், எல்லாம் அந்த ‘உமது’வில் இருக்கிறது. தன் கணக்கில் இல்லாத ஒன்றைத்தானே அடுத்தவரிடம் கேட்கமுடியும்.

எபேசியர் இரண்டாம் அதிகாரம் அப்போதுதான் உறைத்தது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.” ஈவு என்று கொடுத்ததை இருபது வருடமாகத் தவணையில் அடைத்துக்கொண்டிருக்கிறேன். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. மகள் விழித்துவிடுவாளே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தப் பழைய சந்தோஷமேதான், எனக்கு அடையாளம் தெரிந்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

பிரதர், உங்களுக்காவது 19 வயதில் ஒரு ராத்திரி இருந்தது. எனக்கு அதுவும் கிடையாது. விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவள். எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய் என்று கேட்டால் விழிப்பேன்.

பாடகர் குழுவை நடத்துவது நான்தான். ஒரு ஞாயிறு, குடியிலிருந்து விடுபட்ட ஒருவர் சாட்சி சொன்னார். சபையே கைதட்டியது. நானும் தட்டினேன். உள்ளே ஒரே எரிச்சல். இத்தனை வருடமாக ஒத்திகைக்கு ஒருநாள் தவறாமல் வருகிறேனே, எனக்காக யார் கைதட்டினார்கள்?

அந்த வாரம் லூக்கா 15ஐ வாசித்தேன். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வருகிற இளைய மகனை, தகப்பன் விருந்து வைத்துச் சேர்த்துக்கொள்கிற கதை. அந்தக் கெட்ட குமாரன் எனக்குச் சொந்தமில்லை என்று எப்போதும் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதி. வீட்டிலேயே இருந்த மூத்த மகன் பேச்சில் மாட்டிக்கொண்டேன்: “இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து...” வீட்டுப் பிள்ளை கூலியாள் மாதிரி கணக்குப் பேசுகிறான். ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லை என்கிறான். அப்படியே என் குரல்! அதற்குத் தகப்பன் சொல்கிற பதிலைக் கேளுங்கள்: “மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது.” திட்டவில்லை. இளையவனுக்காக ஓடின அதே தகப்பன், மூத்தவனுக்காக விருந்தை விட்டு வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். வெளியே போனவனுக்கும் கிருபை, வீட்டிலேயே இருந்து முறைத்தவனுக்கும் அதே கிருபை. என் இரட்சிப்புக்குத் தேதி இல்லாமல் போனால் என்ன, தகப்பன் இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அந்த அண்ணனிடம் போய், உங்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, மன்னித்துவிடுங்கள் என்றேன். பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு இரண்டாம் சரணத்தில் நான் குரல் மாறிப் பாடிவிட்டேன். வழக்கமாக ஒரு வாரம் அதையே நினைத்து வெந்துபோவேன். அன்று மதியத்துக்குள் மறந்துவிட்டது.

* * *

இரண்டு பேருடையதையும் வாசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அது திரும்பி வரவில்லை. அதாவது, நீங்கள் சொல்கிற மாதிரி வரவில்லை.

இரண்டு வருடமாக மனச்சோர்வு. டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுக்கிறேன். அதனால் ராத்திரி தூக்கம் வருகிறது, வேலைக்குப் போகமுடிகிறது, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் ‘விசுவாசி சோர்ந்துபோகலாமா’, ‘சந்தோஷம் இல்லையென்றால் எங்கேயோ பாவம் இருக்கிறது’ என்றெல்லாம் கேட்டுக்கேட்டு, சபைக்குப் போவதே பரீட்சைக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது. பிரதர், உங்கள் நோட்டில் நான்கு கட்டம் இருந்தது. தயவுசெய்து ‘சந்தோஷம்’ என்று ஐந்தாவது கட்டம் போட்டுவிடாதீர்கள். என்னைப் போன்றவனுக்கு அதில் தினமும் சிவப்புதான் விழும்.

எனக்குத் தெரிந்த ஜெபம், மாற்கு ஒன்பதில் பிள்ளையைச் சுகமாக்கும்படி இயேசுவிடம் கொண்டுவந்த அந்தத் தகப்பனுடையதுதான்: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” பாதி விசுவாசத்தோடு வந்த மனிதன். விசுவாசம் முழுசாக ஆன பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை சுகமானான்.

ஆராதனையில் எனக்கு வாய் திறக்காது. பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர் அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் குனிந்து, “தம்பி, நீ பாடவேண்டாம். உனக்கும் சேர்த்து நான் பாடிக்கொள்கிறேன்” என்றார். கரகரத்த குரல், சுருதி எங்கேயோ போகும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பாரமாக இல்லை. இதற்குச் சந்தோஷம் என்று பேர் வைக்கலாமா என்று தெரியவில்லை.

* * *

கடைசியாக எழுதின தம்பிக்கு ஒன்று சொல்லவேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலப் போதகர் ஜான் வெஸ்லியின் கதையைப் பாதியில்தான் எல்லோரும் நிறுத்துவார்கள். அவர் குருப்பட்டம் பெற்றவர், கடல் கடந்து அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய், மனம் ஓய்ந்து திரும்பியவர். 1738 மே 24 அன்று சாயங்காலம் லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு விருப்பமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது தன் இருதயம் விநோதமாக அனலடைந்ததாக வெஸ்லி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறேன், என் பாவங்களையே அவர் நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் கிடைத்ததாம். இதுவரைக்கும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும்.

அதே நாளின் குறிப்பில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். சற்று நேரத்திலேயே, ‘இது விசுவாசமாக இருக்கமுடியாது, உன் சந்தோஷம் எங்கே?’ என்று சத்துருவாகிய சாத்தான் கேட்டானாம். சந்தோஷப் பெருக்கைத் தேவன் சில நேரம் தருகிறார், சில நேரம் நிறுத்தியும் வைக்கிறார் என்று அவர் அங்கேயே கற்றுக்கொண்டார். அனலடைந்த அன்றைக்கே அந்தக் கேள்வி வந்திருக்கிறது, தம்பி. உங்களுக்கு வந்தால் என்ன?

* * *

முதலில் எழுதினவன்தான் மறுபடியும். ஐந்தாவது கட்டம் என்றதும் பிடிபட்டுப்போனேன். உண்மையில் அடுத்த வாரமே அதைப் போட்டேன்! ‘இன்று சந்தோஷம்: உண்டு / இல்லை.’ மூன்று நாள் ஓடியது. அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது.

நோட்டை எரித்தேன், கிழித்தேன் என்றெல்லாம் சொன்னால் சாட்சிக்கு அழகாக இருக்கும். செய்யவில்லை. மிச்சப் பக்கங்களில் மகள் படம் வரைகிறாள். கட்டத்துக்குள் அடங்காமல் யானை வரைகிறாள். அதிகாலையில் இன்னமும் எழுந்திருக்கிறேன். எழுந்திருக்காத நாளிலும் திருவிருந்தில் கை நீட்டுகிறேன். முன்பு போல எழுந்து ஓடுவதில்லை.

கிரேக்கத்தில் கிருபைக்குக் ‘காரிஸ்’, சந்தோஷத்துக்குக் ‘காரா’, இரண்டுக்கும் ஒரே வேர் என்று வேதபாடத்தில் கேட்டிருக்கிறேன். அப்போது பரீட்சைக்காகக் குறித்துக்கொண்டதோடு சரி.

தம்பி, அந்தப் பெரியவர் இன்னும் உங்கள் பக்கத்தில்தான் உட்காருகிறாரா?

* * *

உட்காருகிறார், அண்ணா. போன ஞாயிறு பல்லவியை மட்டும் நானும் சேர்ந்து பாடினேன். எனக்குச் சுருதி சேரவில்லை என்று அவர் என்னைச் சொல்கிறார்.